சிவப்புச் சீட்டு வலைகள்

பிப்ரவரி 5, திங்கள்

அபிராமியின் பதினாறாம் நாள் காரியம் சனிக்கிழமை முடிந்தது. இன்று பண்ணைக்குத் திரும்பினேன். மேனேஜர் ஜபருல்லா பாய் கேட்டிலேயே நின்றிருந்தார். "வீட்ல ஒக்காந்து சொவத்தப் பாத்துக்கிட்டு என்ன செய்யப் போறீங்க குமரகுரு, குளத்தப் பாருங்க" என்றார். சரி என்றேன்.

அவளுடைய சோதனையை இனி நான் பார்க்க வேண்டும். அவள் தீவனப் பிரிவு, நான் தண்ணீரும் நோயும். இருவரும் ஒரே மீன்வளக் கல்லூரி, ஒரே பண்ணை. சோதனை இதுதான். மூன்றாம் குளத்தில் ஆறு வலைக்கூண்டுகள், ஒவ்வொன்றிலும் எண்பது கொடுவாக் குஞ்சுகள். பச்சைச் சீட்டு கட்டிய மூன்று வலைகளுக்கு வழக்கமான மீன்தூள் தீவனம். சிவப்புச் சீட்டு கட்டிய மூன்றுக்கும் அவள் தயாரித்த தீவனம். காய்கறிக் கழிவில் வளர்த்த கருப்பு ஈயின் புழுவைக் காயவைத்து அரைத்து, நூறு கிலோவுக்கு முப்பது கிலோ சேர்த்தது. போன வருடம் சோயாவை வைத்துச் செய்து பார்த்ததில் கொடுவாவுக்குக் குடல் வீங்கிப்போனது. புழு அப்படிச் செய்யாது என்பது அவள் கட்சி.

மார்ச் முடிவதற்குள் முடிவைக் காட்டாவிட்டால் புழு வளர்க்கும் கொட்டகையைப் பிரித்துவிடச் சொல்லியிருக்கிறார் முதலாளி. அவள் ஒன்றரை வருடம் அலைந்து கட்ட வைத்த கொட்டகை.

தீவனம் போடும் தையல்நாயகி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அப்புறம் மூக்கைச் சிந்திவிட்டு வேலையைப் பற்றி ஏதோ கேட்டார். தலையாட்டினேன். காற்று அதிகம். தண்ணீரின் உப்பு லிட்டருக்குப் பதினெட்டு கிராம்.

பிப்ரவரி 6, செவ்வாய்

சட்டைக்குப் பித்தான் தைத்தேன்.

பிப்ரவரி 9, வெள்ளி

காலையில் குளங்களின் ஆக்சிஜன் அளவு பார்த்தேன். ஐந்தாம் குளத்தில் காற்றேற்றும் சக்கரம் ஓடவில்லை, பெல்ட் மாற்றினோம். மதியம் மாமியார் போன் செய்தார்.

"மாப்ள, சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு அத்த."

"ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க. அவளுக்கு வலி என்னைக்கு ஆரம்பிச்சுது?"

"மாட்டுப் பொங்கலன்னைக்கு."

"அதுக்கு முந்தி ஒண்ணுமே சொல்லலையா?"

"இல்ல அத்த."

பிறகு, "குடல்வால் வெடிச்சு நாளாயிருக்குன்னு டாக்டர் சொன்னாராம்" என்றார். நான் டவர் சரியில்லை என்றேன்.

இதை இவராகக் கேட்டிருக்க மாட்டார். அபிராமியின் அண்ணன் சொல்லிக்கொடுத்திருப்பான். அவன் ஆஸ்பத்திரியில் ஃபைலை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். வலி நான்கு நாட்களாக என்று அதில் எழுதியிருக்கிறார்கள். அவசரத்தில் எதையாவது எழுதுவார்கள்.

பிப்ரவரி 14, புதன்

முதல் முறையாக மீன்களை அறுத்துப் பார்த்தேன். வலைக்கு இரண்டு. கிராம்பு எண்ணெயில் மயக்கி, எடை போட்டு, வயிற்றைத் திறந்து, பின்குடலில் ஒரு துண்டு எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன்.

சிவப்பு வலை மீன்களும் பச்சை வலை மீன்களும் ஒரே எடை. குடல் மடிப்புகள் விரல் விரலாகச் சுத்தமாக நின்றன. வீக்கமே இல்லை. இவ்வளவு நன்றாக இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

சிவப்பு மீன்களின் குடலில் புழுத்தோல் துணுக்குகள் தெரிய வேண்டும். பழுப்பாக, சட்டைக் கிழிசல் மாதிரி இருக்கும். செரிக்காமல் அப்படியே வரும். இருந்தன. ஆனால் குறைவு. எண்ணிப் பார்த்தேன். மறுபடி எண்ணினேன்.

பிப்ரவரி 15, வியாழன்

ஜபருல்லா பாயிடம் எடைகளைக் காட்டினேன். அவர் கண் விரிந்தது. "பாத்தீங்களா, மேடம் ஜெயிச்சுட்டாங்க. மொதலாளிக்கு இன்னைக்கே சொல்லிடுறேன்."

"இப்ப சொல்லாதீங்க பாய்."

"ஏன்? நல்ல சேதி சொல்றதுக்கு ராகுகாலம் பாக்கணுமா? அதுவும் நானு?"

அவருக்கு ஏன் இவ்வளவு சந்தோஷம்? புழு என்றாலே முகம் சுளித்தவர். கொட்டகை கட்டியபோது, வெளியே தெரிந்தால் நம் மீனை யார் வாங்குவான் என்று முதலாளியிடம் சொன்னதே இவர்தான். அபிராமி இரண்டு நாள் இவரோடு பேசவில்லை.

மாலையில் தீவன அறைக்குப் போனேன். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினேன். "இருங்க சார், வாரேன்" என்று தையல்நாயகி அக்காவின் குரல். திறந்தபோது இரண்டு கையிலும் தூள். காற்றில் பறக்காமலிருக்க சாத்திக்கொண்டதாகச் சொன்னார். நான் கேட்கவில்லை. கேட்பதற்கு முன்பே சொன்னார்.

பிப்ரவரி 17, சனி

சிவப்புச் சாக்கில் இருந்து நானே ஐந்து கிலோ அளந்து எடுத்து ஆய்வறையில் பூட்டி வைத்தேன். குளத்தில் இருந்து அதே வயது மீன் பன்னிரண்டைக் கண்ணாடித் தொட்டியில் விட்டு நானே இரண்டு வேளையும் போடுகிறேன். சாவி என் இடுப்பில். யாரிடமும் சொல்லவில்லை.

தொட்டி மீன் இன்று சரியாகத் தின்னவில்லை. இடம் புதிது.

பிப்ரவரி 20, செவ்வாய்

குளக்கரை மோட்டார் அறையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா மூங்கில் பாலத்தில் நடந்து போய், பேசினை விளிம்பில் இரண்டு தட்டு தட்டினார். ஆறு வலையிலும் மீன் மேலே வந்து தண்ணீரை அடித்தது. எந்தப் பேசினில் இருந்து எந்த வலைக்கு என்று தூரத்தில் தெரியவில்லை. ஒரே நிறத்தில் இரண்டு பேசின் வைத்திருக்கிறார். சோதனைக்கு ஒரே நிறத்தில் இரண்டு பேசினை யார் வைப்பார்கள்?

பச்சைச் சாக்கு கணக்குக்கு மேல் தீர்ந்திருக்கிறது. சிவப்புச் சாக்கு தீர வேண்டிய அளவு தீரவில்லை.

என்னைப் பார்த்துவிட்டார். "என்ன சார் மறைஞ்சு நின்னு பாக்குறீங்க, பொண்ணு பாக்க வந்த மாரி?" என்றார். பாலத்தை இறுக்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள்.

மாலை வரைக்கும் அந்தச் சிரிப்பை யோசித்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 23, வெள்ளி

சோறு வடிக்க மறந்து குழைந்துவிட்டது. மோர் ஊற்றிச் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 27, செவ்வாய்

தொட்டி மீன் நான்கை அறுத்தேன். குடல் முழுக்கப் புழுத்தோல். குளத்துச் சிவப்பு மீனில் இருந்ததைப் போல ஏறத்தாழ இரண்டு பங்கு. ஆக, சிவப்பு வலைகளுக்குச் சிவப்புத் தீவனம் முழுதாகப் போகவில்லை. யாரோ பச்சையைப் போடுகிறார்கள். இதில் இனிச் சந்தேகம் இல்லை.

நான்கில் மூன்றுக்கு மடிப்பு சிவந்து தடித்திருந்தது. பத்து நாளில் அப்படி ஆகாது. தொட்டித் தண்ணீர் காரணமாக இருக்கும். படம் எடுக்கவில்லை.

பிப்ரவரி 28, புதன்

கேட்டுவிட்டேன். தீவன அறை வாசலில், பாலம் கட்டுகிறவர்கள் இருக்கும்போதே. அது தப்பு என்று இப்போது தெரிகிறது.

"சிவப்பு வலைக்குப் பச்சைத் தீவனத்தப் போடுறீங்களா இல்லையா?"

"போடத்தான் செய்யிறேன் சார். அதுக்கென்ன இப்ப?"

எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். எனக்குக் காது அடைத்துவிட்டது. "புழுவத் தொட அருவருப்பா இருந்தா வேலைய விட்டுப் போயிருக்கணும். எல்லாத்துக்கும் ஒண்ணையே அள்ளிப் போட்டு ஏமாத்தக் கூடாது."

"யாரு ஏமாத்துனா? அந்தப் புள்ள சொன்னதத்தான சார் செஞ்சிக்கிட்டு வாரேன்."

"செத்தவ வந்து சாட்சி சொல்ல மாட்டான்னு அவ மேல போடுறீங்களா?"

அக்காவின் வாய் கொஞ்சம் திறந்து மூடியது. சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். "நானா, அந்தப் புள்ள மேலயா?" என்றார். பிறகு, "மீனுக்குக் கூட வாயி இருக்கு சார். ஒங்களுக்குக் காதும் இல்ல, வாயும் இல்ல" என்று சொல்லிவிட்டு கேட்டைத் தாண்டிப் போய்விட்டார்.

ஜபருல்லா பாயிடம், அந்த அம்மாவை நிறுத்திவிடுங்கள் என்றேன். அவர் தொப்பியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

பிப்ரவரி 29, வியாழன்

நானே தீவனம் போட்டேன். பச்சை வலைகள் வந்து அடித்துத் தின்றன. சிவப்பு வலைகளில் நான்கைந்து மீன் வந்தது. வாயில் வாங்கித் துப்பியது. மீதி கீழே போய்விட்டது. பேசினை நானும் தட்டினேன்.

இவை ஒன்றரை மாதமாக இதையே தின்ற மீன்கள் என்றால் ஏன் துப்புகின்றன? தின்றதே இல்லை. அதுதான் நிரூபணம்.

மார்ச் 1, வெள்ளி

இதை முழுதாக எழுதிவிட வேண்டும்.

காலை பத்து மணிக்குச் சிவப்பு வலைகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். மீன் வரவில்லை. பின்னால் பாலம் ஆடியது. தையல்நாயகி அக்கா. விட்டுப்போன சாப்பாட்டுத் தூக்கை எடுக்க வந்திருக்கிறார். கரையில் இருந்து பார்த்துவிட்டுப் பொறுக்காமல் ஏறி வந்துவிட்டார்.

"ஏன் சார், கலக்காமயா போடுறீங்க?"

"எதக் கலக்கணும்?"

"பச்சையத்தான். ஒரு பேசினுக்கு ஒரு பேசின். கொடுவா புதுத் தீவனத்தத் திங்காது, வாயில வச்சுத் துப்பும், அதனால பழசக் கலந்து பழக்கணும்னு மேடந்தான் சொன்னாங்க. போகிக்கு மொத நாளு, இந்தா இதே எடத்துல நின்னு. 'பொங்கல் முடிஞ்சு வந்து நிறுத்தச் சொல்றேன், அதுவரைக்கும் கலந்தே போடுங்கக்கா'ன்னாங்க."

பேசினைக் கீழே வைத்தேன்.

"அவங்க வரல. நீங்க வந்த அன்னைக்கு ஒங்ககிட்ட கேட்டேனே. கலந்துதான் போடவா சார்னு கேட்டேன். தலைய ஆட்டுனீங்க."

ஆட்டினேன். என்ன கேட்டார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஆட்டினேன்.

புதுத் தீவனத்துக்கு ஒரு வாரம் பழக்குவது எல்லாப் பண்ணையிலும் உள்ளதுதான். ஏழாம் நாள் யாராவது வந்து நிறுத்தச் சொல்வார்கள். பொங்கல் விடுமுறை நடுவில் வந்தது. சொல்ல வேண்டியவள் வரவில்லை. அடுத்துச் சொல்ல வேண்டியவன் நான்.

இரண்டு பேசினும் ஒரே நிறம், ஒரே அளவு. அளவு தவறக்கூடாது என்று அபிராமி வாங்கிக் கொடுத்தவையாம். அறைக் கதவைச் சாத்தச் சொன்னதும் அவள்தான்.

அக்கா தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மன்னிப்புக் கேட்டேன். "சரி" என்று மட்டும் சொன்னார். அது சரி என்று அர்த்தமில்லை.

மாலை முழுதும் தலையாட்டியதைப் பற்றியே யோசித்தேன். போகி அன்று காலையில் அபிராமி அடுப்படியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்று ஏதோ சொன்னாள். நான் போனில் ஆக்சிஜன் அளவு பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதும் தலையாட்டினேன். பொங்கலன்று மறுபடி சொன்னபோது கரும்பு தின்றதாக இருக்கும் என்றேன். செரிமான மாத்திரை கொடுத்தேன். பின்குடல் பற்றி எழுதித்தான் நான் பட்டம் வாங்கினேன்.

மார்ச் 2, சனி

ஜபருல்லா பாயிடம் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இது யாருக்குத் தெரியும்?"

"நமக்கும் அக்காவுக்கும்."

"அப்ப விடுங்க. முடிவு நல்லா இருக்கு. கொட்டகை நிக்கும். அந்தப் புள்ள பேரு நிக்கும். நானே அந்தப் புழுவக் கேலி பேசுனவன்தான். அந்தப் புள்ள போனதுக்கப்புறம் கொட்டகைப் பக்கம் போக முடியல. மொதலாளிக்கு நல்ல சேதி சொல்லிட்டாவது போகலாம்னு பாத்தேன்."

அவர் சந்தோஷத்துக்குக் காரணம் இதுதான். நான் என்னென்னவோ நினைத்து வைத்திருந்தேன்.

"பாய், இத நம்பி பெரிய குளத்துல போட்டாங்கன்னா? கலக்காம?"

"என்ன ஆகும்?"

தொட்டி மீனைப் பற்றிச் சொன்னேன். மூன்று குடல்களின் நிறத்தைச் சொன்னேன். வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் அது தண்ணீரால் இல்லை என்பது எனக்கே உறைத்தது.

முதலாளிக்கு எழுதி அனுப்பிவிட்டேன். தப்பு என்னுடையது, புதிய மீனில் மறுபடி செய்ய வேண்டும் என்று. மதியம் அவரே கூப்பிட்டார். "ஏப்ரல் முடிய. அதுக்கு மேல ஒரு நாள் இல்ல."

மார்ச் 3, ஞாயிறு

தையல்நாயகி அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை.

"பாலம் கட்டுறவங்க முன்னாடிதான் சொன்னேன். அவங்க முன்னாடியே தப்புன்னு சொல்றேன். நாளைக்கு வாங்க."

"வந்து?"

"திரும்ப மொதல்லேருந்து செய்யணும். நீங்க இல்லாம முடியாது."

கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டே இருந்தார். "நா எதக் கேட்டாலும் வாயத் தொறந்து சொல்லணும். மாடு மாரி மண்டைய ஆட்டக் கூடாது. சம்மதம்னா வாரேன்."

தலையாட்டப் போனேன். "சம்மதம்" என்றேன்.

மார்ச் 4, திங்கள்

பாலம் கட்டுகிறவர்களை நிறுத்தி வைத்துச் சொன்னேன். அவர்களுக்கு என்னைவிடக் கூச்சம். அக்கா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமியாருக்குப் போன் செய்தேன். வலி போகியன்றே ஆரம்பித்தது, என்னிடம் சொன்னாள், நான் கவனிக்கவில்லை என்றேன். அவர் போனை வைத்துவிட்டார். பத்து நிமிடம் கழித்து அவரே கூப்பிட்டார். அழுதார். திட்டினார். நன்றாகத் திட்டினார். "இத அன்னைக்கே சொல்லியிருந்தா என்ன? எம் மவன எவ்வளவு பேசினேன், மாப்ளய சந்தேகப்படாதன்னு" என்றார். கடைசியில் சாப்பிட்டீர்களா என்று கேட்கவில்லை. கேட்காதது நியாயம்.

மார்ச் 6, புதன்

நான்காம் குளத்தில் புதிய வலைகள் ஆறு. புதிய குஞ்சுகள். இன்று முதல் ஏழு நாள் கலந்து போட வேண்டும். பழைய வலைகளை என்ன செய்வது என்று அக்கா கேட்டார். இருந்தபடியே கலந்து போடுங்கள் என்றேன். வாயைத் திறந்துதான் சொன்னேன். பேசின்களுக்குச் சிவப்பும் பச்சையும் வண்ணம் அடித்தேன்.

மார்ச் 13, புதன்

காலையில் அக்கா பாலத்தில் பேசினோடு காத்துக்கொண்டிருந்தார். அவருக்கு நாள் தெரியும். ஆனாலும் நின்றார்.

"அக்கா, புது வலைக்கு இன்னையிலேருந்து கலக்க வேணாம். நிறுத்திருங்க."

"நிறுத்திடவா?"

"நிறுத்திருங்க."

சொல்லிவிட்டு மோட்டார் அறைக்குள் போய்ச் சற்று நேரம் நின்றேன். ஒரு ஆள் வேலைக்கு வந்து சொல்லக்கூடிய சாதாரண வார்த்தை அது.

மார்ச் 16, சனி

புதிய சிவப்பு வலைகள் சரியாகத் தின்னவில்லை. "ஒரு பிடி கலக்கட்டா சார், யாரு பாக்கப் போறா?" என்றார் அக்கா. வேண்டாம் என்றேன். "கல்லு மனசு" என்றார்.

மார்ச் 19, செவ்வாய்

தின்கின்றன.

ஏப்ரல் 8, திங்கள்

வெயில் ஏறிவிட்டது. ஐந்தாம் குளத்தில் பாசி. மாலையில் ஜபருல்லா பாய் நோன்புக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தார். அக்கா ஒரு வாய் குடித்துவிட்டு, "பாய், இதுல என்ன கலந்துருக்கீங்க?" என்று கேட்டார். பாய் என்னைப் பார்த்தார். நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 24, புதன்

வலைக்கு நான்கு மீன் அறுத்தேன். புதிய வலைகளிலும் மூன்றாம் குளத்துப் பழைய வலைகளிலும். காலை ஏழு முதல் மாலை ஐந்து வரை. அக்கா மீன் பிடித்துத் தந்தார், பாய் எடையை எழுதினார்.

புதிய சிவப்பு வலைகள்: எடை கொஞ்சம் குறைவு. பன்னிரண்டில் ஏழு மீனுக்குப் பின்குடல் மடிப்பு தடித்திருந்தது. சிவப்பு. படம் எடுத்தேன். எல்லாவற்றையும் எடுத்தேன்.

பழைய சிவப்பு வலைகள், பேசினுக்குப் பேசின் கலந்தவை, அதாவது நூறுக்குப் பதினைந்து கிலோ புழு மூன்றரை மாதம் தின்றவை: பன்னிரண்டும் சுத்தம். எடை பச்சைக்குச் சமம்.

மூன்று முறை சரிபார்த்தேன். அளவில் பிசகு இருக்கலாமே என்று அக்காவை அவர் அள்ளுகிறபடியே இருபது முறை அள்ளச் சொல்லித் தராசில் வைத்தேன். "இன்னும் சந்தேகந்தானா ஒங்களுக்கு?" என்றார். இருபதில் பெரிய வித்தியாசம் இருபது கிராம்.

"மேடம் தோத்துட்டாங்களா சார்?"

"பாதி" என்றேன்.

"பாதி ஜெயிச்சாங்களா, பாதி தோத்தாங்களா?"

யோசித்தேன். "பாதியில ஜெயிச்சிருக்காங்க. நீங்க கலந்த பாதியில."

அக்கா கையைக் கழுவப் போனார். வெகுநேரம் கழுவினார்.

ஏப்ரல் 26, வெள்ளி

அறிக்கை போய்விட்டது. முப்பதில் குடல் கெடுகிறது, பதினைந்தில் கெடவில்லை, பதினைந்தில் கண்டது பிழையால் நேர்ந்தது, திட்டமிட்டு ஒரு முறை செய்து பார்க்க வேண்டும். சோதனையை வடிவமைத்தவர் அபிராமி. தீவனம் இட்டவர் தையல்நாயகி. பிழை குமரகுருவுடையது. எல்லாவற்றையும் முதல் பக்கத்திலேயே எழுதினேன்.

முதலாளி நான்கு மணிக்குக் கூப்பிட்டார். அவர் படித்தது முதல் பக்கம் மட்டும்தான் என்று தோன்றியது. அடுத்த சோதனை முடியும்வரை கொட்டகை இருக்கட்டும் என்றார்.

அபிராமி, முப்பது அதிகம். படங்கள் என்னிடம் இருக்கின்றன, ஏழு மீன். நீ ஒத்துக்கொள்ள மாட்டாய். புழுவின் கொழுப்பை எடுக்காமல் அரைத்ததுதான் காரணம், அளவு இல்லை என்பாய். அது உண்மையாகவும் இருக்கலாம், அதையும் பார்க்கிறேன். ஆனால் இப்போதைக்கு நீ தப்பு. இன்றைக்கு நாம் பெரிய சண்டை போட்டிருப்போம். நாளை மதியம் வரைக்கும் என்னோடு பேசியிருக்க மாட்டாய்.